இடது இடுப்பில் ஒரு களைப்பு

விடிவதற்குச் சற்று முன்னால், மூழ்கிப்போன உப்பளங்களின் மேல் கடல் கறுப்பாக அசைந்துகொண்டிருக்கும் நேரத்தில், மூன்று பேர் இடுப்பளவு தண்ணீரில் வட்டமாக நின்று அவரவர் பிடரியில் விரலை வைப்பார்கள். தூத்துக்குடியின் தெற்குக் கரையில் வாரத்தில் பாதி நாள் இது நடக்கும்.

“பங்கா?” என்று மச்சாடோ கேட்பார்.

“பங்கு” என்பாள் புஷ்பகனி.

“பங்குதான் கேப்டன். சட்டுனு விடுங்க, குளுருது” என்பான் மொய்தீன். அவன் சைக்கிள் கடைக்காரன். தண்ணீரென்றால் அவனுக்கு ஆகாது.

பிடரித் தோலுக்கு அடியில் பொத்தான் அளவில் இருக்கும் வில்லை ஒருமுறை சூடாகும். அவ்வளவுதான். பிறகு நீந்தத் தொடங்குவார்கள். தண்ணீர் தெளிந்திருக்கும் நாட்களில், வெளிச்சம் வந்த பிறகு, கீழே பழைய பாத்திகளின் வரப்புகள் கட்டம் கட்டமாகத் தெரியும். அங்கே ஒரு காலத்தில் வெள்ளை வெள்ளையாக உப்பு குவிந்திருந்ததைப் புஷ்பகனி சின்ன வயதில் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். இப்போது அதன் மேல் மிதந்து போகையில், கூரை இல்லாத ஒரு பெரிய வீட்டுக்குள் எட்டிப்பார்ப்பது போல இருக்கும்.

கொஞ்ச தூரம் போனதும் மச்சாடோவின் களைப்பு அவளிடம் வந்து சேரும். அது வலது தோளில்தான் வரும், ஈரத்துணியை மடித்துப் போட்டது போல. மொய்தீனுடையது முழங்காலுக்கு மேலே மிளகாயை அரைத்துப் பூசியது மாதிரி எரியும். அதில்கூட ஓர் அவசரம் இருக்கும், அவனைப் போலவே. வந்ததை அவள் வாங்கிக்கொள்வாள். சற்று நேரத்தில் அவளுடையது அவர்களிடம் போகும். யாரிடம் அதிகமோ அவரிடமிருந்து குறைவாக இருப்பவரிடம் தானாக வடிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு நீந்தினாலும் யார் திணறுகிறார்கள் என்று மற்றவர்களுக்குத் தெரியும்.

களைப்பில் பாதி தசையில் இருக்கிறது, பாதி மூளையில். தசையில் உள்ளதை அந்தந்த உடம்புதான் சுமக்க வேண்டும். ‘போதும், நிறுத்து’ என்று மூளை மிரட்டுகிறதே, அந்தப் பாதியைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று கண்டுபிடித்தபோது உலகம் சில வருடங்கள் தலைகால் புரியாமல் ஆடியது. முதலில் அது மருத்துவமனைகளுக்கு வந்தது. கடும் சிகிச்சையில் கிடந்தவர்களுக்காக உறவினர்கள் வரிசையில் நின்று பங்கு எடுத்தார்கள். பிறகு எல்லாவற்றையும் போல அதுவும் கடைக்கு வந்தது. பெரிய நகரங்களில் வசதியுள்ளவர்கள் ஆள் வைத்துக்கொண்டார்கள். முதலாளி அலுக்காமல் கூட்டத்துக்கு மேல் கூட்டம் நடத்த, எங்கோ ஓர் அறையில் சம்பளத்துக்குப் படுத்திருந்தவன் அவருக்காகச் சோர்ந்துகொண்டிருந்தான். அயர்விணைப்பு என்பது அதன் ஏட்டுப் பெயர். ஊரில் எல்லோரும் பங்கு என்றே சொன்னார்கள்.

உப்பாத்துக் கூட்டம் என்று பெயர் வைத்துக்கொண்ட இந்தச் சின்ன டிரையத்லான் குழுவில் யாரும் யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் தெம்பு அவர்களில் ஒருவருக்கும் தனியாகக் கிடையாது. மச்சாடோ துறைமுகத்தில் இழுவைப்படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். புஷ்பகனி கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பம்புகளைப் பார்த்துக்கொள்பவள், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். மூவரும் சேர்ந்தால் சுமாரான ஒரு வீரர் தேறுவார்.

பயிற்சி முடிந்ததும் கரையில் நின்று மறுபடி பிடரியில் விரல் வைப்பார்கள். “கனி, இறக்கியாச்சு. மொய்தீன், இறக்கியாச்சு” என்று மச்சாடோ சொல்வார். இரு பக்கமும் விரல் வைத்தால்தான் இணைப்பு மூடும். பெயர் சொல்லி இறக்குவது மட்டும் கூட்டத்தின் வழக்கம். மூடாமல் விட்டால், மொய்தீன் கடையில் பஞ்சர் ஒட்டும் அலுப்புக்கெல்லாம் மற்ற இருவரும் நாள் முழுக்கக் கொட்டாவி விட வேண்டியதுதான்.

புஷ்பகனிக்கு ஒரே ஒரு தொந்தரவு இருந்தது. சாயங்கால வேளைகளில் இடது இடுப்பில் ஒரு மந்தமான அசதி வரும். ஓடும்போது வராது, சும்மா இருக்கும்போதுதான் வரும். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது, வயசாகுது இல்லையா என்றார். அவளும் பழகிவிட்டாள். பம்பு அறையில் நிற்கும்போது அது வந்தால், அந்த இடத்தில் கையை வைத்து “வந்துட்டியா” என்று கேட்பாள். தனியாக வேலை பார்ப்பவர்கள் எதனோடாவது பேசத்தான் செய்கிறார்கள்.

அந்த வருடம் தேக்கி என்றொரு ஏற்பாடு வந்தது. களைப்பை வாங்கிக்கொள்ள இனி ஆளே வேண்டாம். மலையடிவாரத்தில் எங்கோ இருக்கும் கருவிக்கிடங்கு எல்லோருடையதையும் உறிஞ்சி, வெறும் வெப்பமாகக் காற்றில் விட்டுவிடும். மனிதனை மனிதன் சுமக்கும் காலம் முடிந்தது என்று அரசு அறிவித்தது. சம்பளத்துக்குச் சோர்ந்து கிடந்தவர்களை நினைத்தால் அது நல்ல செய்திதான். ஆளுக்கு ஆள் இணைப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலோடு நிறுத்தப்படும் என்றார்கள். கடற்கரை டிரையத்லான் அதே ஞாயிறு காலையில் இருந்தது. பங்கு வைத்து நடக்கும் கடைசிப் போட்டி.

அந்தப் போட்டியில் பதக்கம் கிடையாது. கெடுவுக்குள் முடிக்கும் குழுவில் ஆளுக்கொரு சிவப்புக் கரைத் துண்டு கொடுப்பார்கள். உப்பாத்துக் கூட்டம் இத்தனை வருடத்தில் ஒரு துண்டும் வாங்கியதில்லை. அவர்கள் வந்து சேரும்போது எப்போதும் பந்தலைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வருடம் பந்தல்காரர்கள் மட்டும் ஏணியில் நின்றபடி கைதட்டினார்கள். இந்த முறை அப்படி ஆகாது என்று மச்சாடோ சொல்லியிருந்தார். பயிற்சியில் கெடுவை இரண்டு தடவை தொட்டுவிட்டார்கள். துண்டை மாட்டுவதற்கு வீட்டுக் கூடத்தில் அவர் ஆணியே அடித்துவிட்டார்.

முன்பு கூட்டத்தில் நான்கு பேர். தொடங்கியவர் ஞானதிரவியம், தண்ணீர் லாரி ஓட்டுநர். அவருடைய களைப்பு வேறு மாதிரி வரும். கெண்டைக்காலில் ஆரம்பித்து, மெல்ல மேலேறி, நெஞ்சுக்கு வந்ததும் சிரிப்பாக மாறிவிடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டே சிரிப்பார்கள், எதிரே வருபவர்கள் ஒதுங்கிப் போவார்கள். ஆறு வருடங்களுக்கு முன், மற்ற இருவரும் வராத ஒரு நாளில், புஷ்பகனியோடு ஓடிக்கொண்டிருந்தவர் பாதி வழியில் “நீ போ கனி, வாரேன்” என்று சொல்லிவிட்டு நடந்தார். வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. சொல்லாமல் போனவன் பேரைத் தன் முன்னால் எடுக்கக் கூடாது என்று மச்சாடோ சொல்லிவிட்டார்.

போட்டி நாள் காலையில் பந்தலுக்குள் வரிசை நீளமாக இருந்தது. எப்போதும் கைப்பட்டையை மட்டும் பார்த்து அனுப்புவார்கள். இந்த முறை, தேக்கிக்கு மாற்றுவதற்காக, வில்லையையே படிக்கும் கருவி ஒன்றை ஒவ்வொருவர் பிடரியிலும் வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் துண்டுகள் அடுக்கி இருந்தன. மச்சாடோ அதைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“உப்பாத்துக் கூட்டம். எத்தனை பேர்?” என்றார் அலுவலர்.

“தெரியலியா சார்? மூணு” என்றான் மொய்தீன்.

“கருவி நாலுங்குது.” அலுவலர் புஷ்பகனியின் பிடரியில் இன்னொரு முறை வைத்துப் பார்த்தார். “மேடம், உங்க வில்லையில வெளியாள் ஒருத்தர் இருக்காரு. இணைப்பு இப்பவும் திறந்துதான் கெடக்கு. ஞானதிரவியம், ஓசூர். ஆள் வச்சிருக்கீங்களா?”

பந்தலுக்கு வெளியே யாரோ ஊதல் ஊதிப் பார்த்தார்கள். அன்று ஞானதிரவியம் நடந்து போனபோது இறக்கியாச்சு என்று யாரும் பெயர் சொல்லவில்லை. அவர் மூடியிருப்பார் என்று அவள் நினைத்தாள். மச்சாடோ அன்று கரையிலேயே இல்லை.

“ஆறு வருஷமா திறந்திருக்கு. போட்டியில வெளிப்பங்குக்கு அனுமதி இல்ல, தெரியும்ல? இப்ப மூடிட்டா நீங்க ஓடலாம். இல்லேன்னா குழு பேரை அடிக்கணும். நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க.” அவர் குரலில் கடுமை இல்லை. “அவரையும் விரல் வைக்கச் சொல்லணும். போன் போடுங்க.”

புஷ்பகனி மணலில் தள்ளி நின்று போன் போட்டாள். ஒரே மணியில் எடுத்தார்.

“என்ன கனி, இன்னும் கடலுக்குள்ள இறங்கலியா? இந்நேரம் எனக்குத் தோள் இழுக்கணுமே.”

மச்சாடோவும் மொய்தீனும் பக்கத்தில் வந்து நிற்க, குரலை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

“திரவியண்ணே, என் பங்கை நீங்களா எடுத்துக்கிட்டு இருந்திய? இத்தன வருஷமா?”

“மாட்டிக்கிட்டேனா?”

“நான் தெம்பா ஓடுதேன்னுலா நெனச்சேன். ஆலையில எல்லார்ட்டயும் பீத்திக்கிட்டுத் திரிஞ்சேன்.”

“நீ தெம்பாத்தான் ஓடுத. நான் ஒண்ணும் தியாகம் பண்ணல, கேளு. அன்னைக்கு ஓடும்போதே பாதத்துல உணர்ச்சி இல்ல. சர்க்கர. அடுத்த மாசமே வலது காலை முட்டிக்குக் கீழ எடுத்துட்டானுவ. சொன்னா என்னையத் தூக்கிட்டு வந்து கரையில நாற்காலி போட்டு ஒக்கார வச்சிருப்பிய. நீங்க ஓட நான் கைதட்டவா? அதான் சொல்லல.”

மச்சாடோ திரும்பிக் கடலைப் பார்த்தார்.

“ஆபரேஷன் முடிஞ்சு கெடக்கேன்” என்றது குரல். “விடியக்காலம். திடீர்னு வலது கெண்டைக்கால்ல சுருக்குங்குது. இல்லாத காலுல, கனி! அப்புறம் தொடை. அப்புறம் மூச்சு முட்டுது. அப்பதான் புரிஞ்சுது, நீ ஓடிக்கிட்டு இருக்க, பங்கு தொறந்து கெடக்கு. நர்ஸ் பொண்ணு ஓடி வந்து, என்னாச்சு சார், தனியா சிரிக்கிறீங்கங்குது. மறுநாளே மூடிருக்கணும். மனசு வரல. ஒன் சுமையை நான் எடுத்ததா நெனைக்காத. நீதான் எனக்கும் சேத்து ஓடுன.”

“இப்ப பொய்க்கால் இருக்குல்லா?”

“இருக்கு. கடைக்குப் போலாம், வரலாம். ஓடுறதுக்கு ரத்த ஓட்டம் பத்தாதாம். ஒரு அபார்ட்மெண்ட் கேட்டுல ஒக்காந்திருக்கேன். நாள் பூரா நாற்காலி. ஒரு பக்கமாவே சாஞ்சு சாஞ்சு இடது இடுப்பு செத்தே போச்சு.”

புஷ்பகனியின் கை தானாக இடது இடுப்புக்குப் போனது. டாக்டரின் படத்தில் எதுவுமே தெரியாத அந்த இடத்தில் விரல்கள் நின்றன.

“அது நீங்களா” என்றாள்.

“எது?”

“ஒண்ணுமில்லண்ணே.”

“சரி, நேரமாகுது. விரலை வையி, மூடிருவோம். எப்படியும் மத்தியானத்தோட போகப்போறதுதான். மச்சாடோ துண்டை விட்டுறக் கூடாது பாரு.”

அவள் பிடரிக்குக் கையைக் கொண்டுபோனாள். வில்லை விரலுக்கு அடியில் சிறிய கூழாங்கல் போல இருந்தது. ஓசூரில் ஒரு கேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு விரல் இதே போல வைக்கப்பட்டுக் காத்திருக்கிறது. அவர் பெயரைச் சொல்லி விரலை அழுத்தினால் போதும். சொன்னால் கடைசிப் போட்டியில் அவர் நாற்காலியிலேயே இருப்பார். சொல்லாவிட்டால் மச்சாடோவின் ஆணி வெறும் ஆணியாகவே இருக்கும். வருடக்கணக்கில் விடியலுக்கு முன்னால் எழுந்தவர். அவளுக்காகவும் தோளில் வாங்கியவர்.

கையைக் கீழே இறக்கினாள்.

“என்னால முடியல, அண்ணே” என்று மச்சாடோவிடம் சொன்னாள். “நீங்க என்னையத் திட்டிக்கிடுங்க.”

மச்சாடோ அவளைத் திட்டவில்லை. அவளிடமிருந்து போனைப் பிடுங்கினார்.

“ஏல திரவியம்!”

“சொல்லுல.”

“நீ இன்னும் சாகலியால?”

“கால் மட்டும் முந்திக்கிட்டுப் போயிருக்கு. நான் பின்னால வருதேன்.”

மச்சாடோவின் முகம் ஒருமுறை கோணியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று மொய்தீனுக்குப் பிடிபடவில்லை. அவர் போனை அவளிடம் கொடுத்துவிட்டு மேசைக்கு நடந்தார். அடுக்கியிருந்த துண்டுகளை இப்போது நன்றாகவே பார்த்தார், மேலே கிடந்ததன் சிவப்புக் கரையை விரலால் ஒருமுறை நீவினார். “நூலு சுமார்தான்” என்றார். பிறகு அலுவலரிடம், “பேரை அடிச்சிருங்க சார்” என்றார்.

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“போட்டியில நாங்க இல்ல. கடல்ல குளிக்கக் கூடாதுன்னு ஒண்ணும் சட்டம் இல்லியே?”

“ஆணி அடிச்சிட்டியளே கேப்டன்” என்றான் மொய்தீன் மெதுவாக.

“சட்டையை மாட்டிக்கிடுதேன். நீ வாயை மூடிட்டுத் தண்ணிக்குள்ள எறங்கு.”

கடைசிக் குழுவும் நீந்திப் போன பிறகு அவர்கள் இடுப்பளவு தண்ணீரில் வட்டமாக நின்றார்கள். வழக்கமான வட்டத்தைவிடச் சற்றுப் பெரிதாக, ஓர் ஆளுக்கு இடம் விட்டு. மூவரும் காதுக்குள் மாட்டியிருந்த சின்ன ஒலிப்பானில் போன் வழியாக ஓசூரின் காலைப்பொழுது கேட்டது. ஏதோ ஒரு பால் வண்டி, ஒரு குழந்தை. மச்சாடோவும் மொய்தீனும் திரவியத்தோடு புதிதாக இணைந்தார்கள்.

“பங்கா?” என்றார் மச்சாடோ.

“பங்கு” என்றாள் புஷ்பகனி.

“பங்கு” என்றான் மொய்தீன். குளிருது என்று சொல்லவில்லை.

“பங்கு” என்றது நான்காவது குரல். “கஞ்சத்தனம் பண்ணாதிய. எல்லாத்தையும் இங்க தள்ளுங்க. கடல் எப்படி இருக்கும்னே மறந்துபோச்சு.”

தள்ள வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் இருப்பவரிடம் களைப்பு குறைவு. மூவருடையதும் தானாக அவரிடம் வடிந்தது. மச்சாடோவின் தோளில் இருந்த ஈரத்துணி போனது, மொய்தீனின் மிளகாய் எரிச்சல் போனது. மூழ்கிய உப்பளங்களின் மேல் மூன்று பேரும் வயது குறைந்தது போல நீந்தினார்கள். சைக்கிளில் உயர்பாதை ஏறும்போது எதிர்க்காற்று அடித்தது. “காத்தா?” என்று ஓசூரிலிருந்து கேட்டார் திரவியம், மூச்சிரைத்துக்கொண்டே. “ஆமா” என்றார்கள். “தெரியுது, தெரியுது” என்றார். கேட்டுக்கு வந்த யாரிடமோ “கொஞ்சம் இருங்க சார், மேட்டுல இருக்கேன்” என்று அவர் சொன்னது தெளிவாகக் கேட்டது.

ஓட்டம் தொடங்கியபோது வெயில் ஏறிவிட்டது. அப்போதுதான் அது வந்தது. மூவருடையதோடு அவர் உடம்பின் சொந்த அலுப்பும் சேர்ந்து இப்போது அவர்தான் எல்லோரிலும் அதிகம் களைத்தவர். ஆகவே அவரிடமிருந்து இவர்களுக்கு வடியத் தொடங்கியது. முதலில் கெண்டைக்காலில், இல்லாத காலின் கெண்டையில். பிறகு தொடை. பிறகு மெல்ல மேலேறி நெஞ்சுக்கு. புஷ்பகனிக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்த மச்சாடோவின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. மொய்தீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். எதிரே வந்த ஒரு குடும்பம் பாதையை விட்டு ஒதுங்கி நின்றது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். ஆறு வருடங்களாக அவள் எவ்வளவோ ஓடியிருக்கிறாள், இந்தச் சிரிப்பு இல்லாமல்தான் ஓடியிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அவர்கள் வந்து சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏணியில் இருந்தவர் கைதட்டினார்.

மணலில் உட்கார்ந்தார்கள். மச்சாடோ வழக்கப்படி பிடரியில் விரலை வைத்தார். “திரவியம்” என்று ஆரம்பித்தார்.

“சொல்லாதல” என்றது குரல். அது மிகவும் களைத்திருந்தது, நிறைவாக இருந்தது. “அதுவா போகட்டும்.”

விரலை எடுத்துவிட்டார். நான்கு பேரும் ஒரே களைப்பை நடுவில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே பாயில் சாய்ந்திருப்பவர்கள் போல. துறைமுகத்தில் நண்பகல் சங்கு ஊதியது. வில்லை ஒருமுறை சூடாகி ஆறியது.

மறுநாள் காலையிலும் அவர்கள் கடலுக்கு வந்தார்கள். தேக்கி அற்புதமாக வேலை செய்தது. எவ்வளவு நீந்தினாலும் உடம்பு காகிதம் போல இருந்தது. பங்கா என்று கேட்க வாயெடுத்த மச்சாடோ, தொண்டையைச் செருமிக்கொண்டார். மொய்தீன் திணறுகிறானா என்று தெரிந்துகொள்ள, புஷ்பகனி நீச்சலை நிறுத்தித் தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. அவன் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தான். எல்லோரும் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் பம்பு அறையில் அவள் இடது இடுப்பில் கையை வைத்தாள்.

“வந்துட்டியா?”

ஒன்றுமில்லை. இடுப்பு சுத்தமாக, லேசாக, யாருடையதோ போல இருந்தது. இன்னும் சற்று அழுத்திப் பார்த்தாள். ஓசூரில் இந்நேரம் ஒரு மனிதர் நாற்காலியில் இருப்பார், அவருக்கும் எங்கும் வலிக்காது. அதை நினைத்து அவளால் சந்தோஷப்பட முடிந்தது, பாதி அளவுக்கு.

பிடரியில் விரல் வைத்துத் தேக்கியை அணைத்தாள். மூலையில் கிடந்த இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டு, உடம்பின் முழு கனத்தையும் இடது பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்தாள். பம்புகள் ஓடிக்கொண்டிருந்தன. அது வரும்வரை அசையாமல் இருந்தாள்.